மச்சான் தந்த ஜோய்ஸ்டிக்

எனக்கு மூத்தவளான ராத்தாவைக் கலியாணம் முடித்து எங்கள் வீட்டுக்கு வந்த மச்சானுக்கு ஆரம்பத்தில் ஒரேயொரு வேலைதான் இருந்தது. ஹோலில் போட்டிருந்த புதுக் கதிரையில் உட்கார்ந்திருப்பது. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்ததும் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்வீட்டுக்கு வருவார். அப்படிச் சாய்ந்தமருதிலிருந்து மருதமுனைக்கு வந்து இறங்கிய மச்சானை, ஒரு கோப்பைத் தண்ணீர்கூடத் தானாக எடுத்துக் குடிக்க எங்கள் வீட்டில் யாரும் விடவில்லை. கந்தோர் வேலை விட்டு வந்தால் கதிரை, சாப்பாடு வந்தால் மேசை, பிறகு மறுபடியும் கதிரை. கால் மரத்துப்போய்ச் சும்மா எழுந்தால்கூட என்ன வேணும் என்ன வேணும் என்று நாலு பக்கமிருந்தும் குரல் வரும். பாவம், அவர் எழும்புவதையே விட்டுவிட்டார்.

உம்மா அவரோடு நேரே கதைப்பதில்லை. மாமியார் மருமகனின் முகத்தைப் பார்த்துக் கதைப்பது மரியாதை இல்லையாம். கதவுத் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றுகொண்டு, "அவருக்கு இன்னும் கொஞ்சம் கறி வையிங்க" என்று ராத்தாவிடம் சொல்வார். மச்சானும் தட்டைப் பார்த்துக்கொண்டே, "போதும் எண்டு சொல்லுங்க" என்று ராத்தாவிடம் சொல்வார். இரண்டு பேருக்கும் இரண்டு பேர் சொன்னதும் நன்றாகவே கேட்டிருக்கும். ஆனாலும் ராத்தா அதை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஒருதரம் சுமந்து கொடுக்க வேண்டும். பதினொரு வயதில் எனக்கு இதைப் பார்க்கச் சிரிப்பு வந்துகொண்டே இருக்கும். அதற்காகவே சாப்பாட்டு நேரத்தில் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு திரிவேன்.

போதாக்குறைக்கு, கலியாணம் பேசி வந்தவர் மாப்பிள்ளை கொம்பியூட்டர் படித்தவர் என்று சொல்லி வைத்துவிட்டுப் போயிருந்தார். உண்மையில் மச்சான் கந்தோரில் கொம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து கடிதம் அடிக்கிறவர். எங்கள் வீட்டில் அதை, மின்சாரத்தில் ஓடுகிற சகலதும் அவருக்கு அத்துப்படி என்று விளங்கிக்கொண்டார்கள். அடுத்த வளவில் இருந்த, உம்மாவின் தங்கச்சியான சாச்சி தன் வீட்டுப் பழுதான மின்விசிறியைக்கூடக் கொடுத்தனுப்பினார். அதையும் மடியில் வைத்துக்கொண்டு மச்சான் கதிரையில் உட்கார்ந்திருந்தார்.

எங்கள் வீட்டிலும் ஒரு கொம்பியூட்டர் இருந்தது. ராத்தாவின் உயர்தரப் பரீட்சைக்கென்று வாப்பா கல்முனையில் வாங்கியது. பரீட்சையும் முடிந்து கலியாணமும் முடிந்த பிறகு அது சாச்சி மகனின் சொத்தாகிவிட்டது. அவன் என்னைவிட மூன்று வயது மூத்தவன். அண்ணன் முறைக்குக் காக்கா என்றுதான் கூப்பிடுவேன், மனசுக்குள் வேறு பெயர்களும் வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சாப்பிட்டதும் தொப்பியோடு வந்து உருளுகிற சில்லு வைத்த கதிரையில் ஏறி உட்கார்ந்தான் என்றால் பின்னேரம் அஸர் பாங்கு சொல்லும் வரைக்கும் இறங்க மாட்டான். எனக்கு ஒரு முக்காலி. அதில் உட்கார்ந்தால் என் நாடி மேசை விளிம்பில் இடிக்கும்.

இரண்டு பேரும் ஒரே விசைப்பலகையில் பந்து விளையாடுவோம். அம்புக்குறிப் பக்கம் அவனுக்கு, எழுத்துப் பக்கம் எனக்கு. எழுத்துப் பக்கத்தில் மேலே போகிற விசை உப்புக்காற்றில் ஒட்டிப்போய்க் கிடந்தது. ஒருதரம் அமத்தினால் அது எழும்பி வர ஒரு பாட்டம் யோசிக்கும். என் ஆட்கள் பந்தையும் விட்டுவிட்டு மைதானத்தின் மேல் கோட்டுக்குப் போய் அங்கேயே நின்று ஓடிக்கொண்டிருப்பார்கள். அவன் ஒன்றன்பின் ஒன்றாகக் கோல் அடித்துவிட்டு, "பொம்புளப் புள்ளகளுக்கு இது சரிவராது" என்று சொல்வான். ஒட்டுகிற விசைக்கும் பொம்புளைப் பிள்ளைக்கும் என்னடா சம்பந்தம் என்று கேட்கிற வாய் எனக்கு இருந்தது. ஆனால் கேட்டால் முக்காலியும் போய்விடும்.

கலியாணம் முடித்து வரும் மாப்பிள்ளை, பெண்ணின் தங்கச்சிக்கு ஏதாவது வாங்கிக் கொடுப்பது வழக்கம். மற்ற வீடுகளில் சட்டைத்துணியோ கைக்கடிகாரமோ கேட்பார்கள். ராத்தா வந்து என்ன வேண்டும் என்று காதோடு கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை, ஜோய்ஸ்டிக் என்றேன். இரண்டு கையாலும் பிடித்து விளையாடுகிற அந்தச் சாமானுக்கு எங்களூரில் அதுதான் பெயர். மச்சான் அடுத்த நாளே கல்முனை பஸாரில் வாங்கிக்கொண்டு வந்து, "மச்சி, இந்தாங்க" என்று மச்சினியான எனக்கு நீட்டினார். கறுப்பு நிறம். நாலு நிறத்தில் பொத்தான்கள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோசம்.

ஆனால் தவணைப் பரீட்சை வந்துகொண்டிருந்தது. பரீட்சை முடிந்து பெருநாளைக்குத்தான் இது வெளியே வரும் என்று உம்மா சொல்லிவிட்டார்.

இந்த இடத்தில் உம்மாவின் எண்ணெய்ப் போத்தலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கடல் எங்கள் வளவிலிருந்து கூப்பிடு தூரம். அலை அடிக்கிற சத்தத்தோடு உப்பும் வந்து வீட்டுக்குள் குடியிருக்கும். புதிதாக வாங்கின பூட்டு ஒரு மாரி தாண்டுவதற்குள் திறப்பைக் கடித்துப் பிடித்துக்கொள்ளும். அதனால் எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் இரும்புச் சாமான்களுக்குத் தேங்காயெண்ணெய் பூசுவார்கள். உம்மா அதில் எல்லாரையும் மிஞ்சினவர். வெள்ளிக்கிழமை காலையில் ஒரு கையில் போத்தலும் மறு கையில் துணித்துண்டுமாகப் புறப்பட்டால் பூட்டு, கீல், தாழ்ப்பாள், தையல் மெசின், கத்தரிக்கோல், வாப்பாவின் சைக்கிள் மணி ஒன்றும் தப்பாது. எங்கள் வீட்டுத் திறப்புக் கோர்வை மீனைப் போலக் கைக்குள் நிற்காது.

ஜோய்ஸ்டிக்கை அலுமாரியில் வைக்கப் போன உம்மா, பெட்டியைத் திறந்து வயரின் நுனியில் பளபளத்த தகரத்தைப் பார்த்தார். கை தானாகப் போத்தலுக்குப் போனது. மருமகன் தந்த சாமான் என்பதால் வழக்கத்தை விடக் கொஞ்சம் தாராளமாகவே பூசினார். நானும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எண்ணெய் பூசாமல் வைத்திருந்தால்தான் அன்றைக்கு எனக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும்.

ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. தொழுகை முடிந்து, வீட்டில் இறைச்சி அவிகிற வாசம் கிளம்புகிற நேரத்தில் சாச்சி வீட்டு ஆட்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். நான் அந்த ஒரு மாதமும் காக்காவிடம் பேசாத பேச்சில்லை. ஜோய்ஸ்டிக் வரட்டும், உன்னை ஒரு கை பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசியில் பந்தயமும் கட்டியாகிவிட்டது. யார் வெல்கிறாரோ அவருக்கே இனிமேல் சில்லுக் கதிரை. தோற்றவருக்கு முக்காலி. சாச்சியும் சாட்சிக்கு நின்றார்.

உம்மா பெட்டியை எடுத்துத் தந்தார். கொம்பியூட்டரின் முன்பக்கத்து ஓட்டையில் வயரைச் செருகினேன். 'டிங்' என்று ஒரு சத்தம் வந்தது, அடுத்த கணம் 'டொங்' என்று கீழே இறங்கியது. திரையின் மூலையில் மஞ்சள் நிறத்தில் ஒரு கட்டம் முளைத்தது. இங்கிலீசில் என்னவோ எழுதியிருந்தது. காக்கா அதை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான்.

"இது ஆரெண்டு தனக்குத் தெரியாதாம் எண்டு கொம்பியூட்டர் சொல்லுது."

கழற்றிச் செருகினேன். தெரியாதாம். பக்கத்து ஓட்டையில் செருகினேன். அதற்கும் தெரியாதாம். கொம்பியூட்டரை நிற்பாட்டிவிட்டுத் திரும்பப் போட்டோம். பெட்டிக்குள் வந்திருந்த சின்ன வட்டத் தட்டையும் போட்டுப் பார்த்தோம். அது உள்ளே கிடந்து கரகரவென்று சுற்றியது, ஒரு பிரயோசனமும் இல்லை. சாச்சி வந்து பிஸ்மி சொல்லி ஊதிச் செருகினார். அப்போதும் 'டிங்', அப்புறம் 'டொங்'. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. காக்கா சில்லுக் கதிரையில் ஏறி ஒரு சுற்றுச் சுற்றினான்.

"பழுதான சாமானக் குடுத்து மச்சான ஏமாத்திப் போட்டானுகள்" என்றான்.

அவன் என்னை நோகடிக்கத்தான் அதைச் சொன்னான். ஆனால் அது ஹோலில் போய் விழுந்தது. அங்கே வாப்பாவும் சாச்சியின் புருசன் சாச்சப்பாவும் இன்னும் சிலரும் மச்சானோடு உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை கொண்டுவரும் ஒரு கைக்குட்டையைக்கூட நாலு பேர் தொட்டுத் தடவிப் பார்த்து விலை சொல்வார்கள். இவர் இந்த வீட்டில் முதன்முதலாகக் கொடுத்த பொருள் பெருநாளும் அதுவுமாக எல்லாருக்கும் முன்னால் வேலை செய்யாமல் கிடந்தது. அதிலும் கொம்பியூட்டர் படித்தவர் என்ற பெயர் வேறு.

வாப்பா நல்ல மனசோடுதான் சொன்னார். "அதுக்கென்ன தம்பி, பெருநாள் போகட்டும். கடையில திருப்பிக் குடுத்து மாத்துவம். நமக்குத் தெரிஞ்ச கடையெண்டா இப்பிடிச் செய்யமாட்டானுகள்."

குசினி வாசலில் நின்ற ராத்தாவின் முகம் சிறுத்துப்போனது. மச்சான் சாரனைத் தட்டிச் சரிசெய்துகொண்டு கதிரையை விட்டு எழும்பினார். வழக்கம்போல என்ன வேணும் என்று குரல்கள் வந்தன. "ஒண்டும் வேணாம், நான் பாக்கிறன்" என்று சொல்லிக்கொண்டு நேரே கொம்பியூட்டர் இருந்த அறைக்கு நடந்து வந்தார். அந்த அறைக்கு அவர் அதுவரை வந்ததே இல்லை.

பின்னாலேயே எல்லாரும் வந்துவிட்டார்கள். உம்மா மட்டும் கதவுத் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றார், கால்விரல்கள் வெளியே தெரிந்தன.

மச்சான் வயரின் நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சுட்டுவிரலால் உள்ளே தடவினார். விரலை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். பிறகு அறைக் கதவின் கீலைப் பார்த்தார், ஜன்னல் கொக்கியைப் பார்த்தார், கடைசியில் மூலையில் இருந்த தையல் மெசினையும் அதன்மேல் இருந்த போத்தலையும் பார்த்தார். அவர் வீட்டைச் சுற்றிப் பார்க்கிறார் என்று நான் நினைத்தேன். புது மாப்பிள்ளைதானே, இந்த அறையைப் பார்த்ததில்லை.

"மச்சி, ராத்தாட அறையில என்ட பொடி ஸ்ப்ரே இரிக்கி. அதையும் காது குடையிற பஞ்சுக் குச்சியையும் எடுத்திட்டு வாங்க."

உடம்பில் அடிக்கிற அந்த வாசனை ஸ்ப்ரே கலியாணச் சாமான்களோடு வந்தது. அதில் சாராயம் கலந்திருக்கும், தொழுகைக்குக் கூடாது என்று வாப்பா சொன்னதால் யாரும் தொடாமல் கிடந்தது. மச்சான் அதைப் பஞ்சில் அடித்து வயரின் நுனிக்குள் விட்டுத் துடைத்தார். பஞ்சு மஞ்சளும் கறுப்புமாகப் பிசுபிசுவென்று வந்தது. அறை முழுக்க வாசம் கிளம்பியது, அந்த வாசத்துக்கு அடியில் எனக்கு நன்றாகத் தெரிந்த இன்னொரு வாசமும் இருந்தது. உம்மாவின் கைவாசம். தேங்காயெண்ணெய்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அலுமாரி, போத்தல், பளபளத்த தகரம் எல்லாம் ஒரே நொடியில் கண்ணுக்கு முன்னால் வந்தன. வாப்பா என்னவாம் தம்பி என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான் முந்திக்கொண்டார்.

"கன நாளாக் கடையில கிடந்த சாமான் போல மாமா. உள்ளுக்கு அழுக்குப் புடிச்சிரிக்கி. நான்தான் பாத்து வாங்கல்ல."

இந்த மனிசனுக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று நினைத்தேன். விளங்கப்படுத்தலாம் என்று ஒரு அடி முன்னால் வைத்தேன். அவர் அழுக்குப் பஞ்சுகளையெல்லாம் அள்ளி என் கையில் வைத்து மூடி, "மச்சி, ஓடிப்போய் இத வெளிய போட்டுட்டு வாங்க" என்றார். ஓடிப்போய்ப் போட்டுவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் அங்கே நிலைமை மோசமாகியிருந்தது. துடைத்த பிறகும் 'டிங்', அப்புறம் 'டொங்'. சாச்சப்பா தொண்டையைச் செருமினார். காக்கா கதிரையில் சாய்ந்து கால்மேல் கால் போட்டிருந்தான்.

மச்சானின் நெற்றியில் வேர்வை பூத்திருந்தது. நான் செருகிச் செருகி முன்பக்கத்து ஓட்டைகளுக்குள்ளும் எண்ணெயை அப்பி வைத்திருந்தேன் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை, அவருக்குத் தெரிந்தது. அவர் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார். பிறகு, பெருநாளைக்கென்று கஞ்சி போட்டு மடித்த சேட்டோடும் வெள்ளைச் சாரனோடும், அப்படியே நிலத்தில் மல்லாந்து படுத்து, தலையையும் தோளையும் மேசைக்கு அடியில் நுழைத்தார்.

"யா அல்லாஹ், மாப்பிள்ளைய நிலத்துல படுக்க வெச்சிட்டீங்களே" என்று சாச்சி தலையில் கை வைத்தார். வாப்பா, "தம்பி, எழும்புங்க, உடுப்பு ஊத்தையாகும்" என்று பதறினார். மேசைக்கு அடியிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்தது. "மச்சி, வயரத் தாங்க." கொடுத்தேன். பின்பக்கத்தில் யாரும் தொடாத ஓட்டை ஒன்று இருந்தது. ஒட்டடைக்குள் எதுவோ கிர் என்று உராய்ந்தது.

'டிங்.'

எல்லாரும் அடுத்த சத்தத்துக்காகக் காத்திருந்தோம். அது வரவில்லை. அதற்குப் பதிலாக மேலே ஏறிப்போகிற ஒரு சத்தம் வந்தது. ஜோய்ஸ்டிக்கின் நடுவில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. மச்சான் தலைமுடியில் ஒட்டடையோடு எழும்பி வந்து, எங்கேயோ அமத்தி ஒரு கட்டத்தைத் திறந்தார். கட்டத்துக்குள் ஒரு கூட்டல் குறி நின்றது. "ஆட்டிப் பாருங்க" என்றார். பெருவிரலால் ஆட்டினேன். நான் வலத்துக்கு ஆட்டினால் அது வலத்துக்குப் போனது. மேலே ஆட்டினால் மேலே போனது. ஒட்டவில்லை, நின்று யோசிக்கவில்லை. நான் துள்ளிக் குதித்தேன். வாப்பா அல்ஹம்துலில்லாஹ் என்றார், அதுவும் தொழுகையில் சொல்வதைவிடச் சத்தமாக.

அதற்குப் பிறகு நடந்ததை நான் இன்றைக்கும் யாராவது கேட்டால் ஆதியோடந்தமாகச் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன். காக்கா முதலில் ஒரு கோல் அடித்தான். என் விரல்கள் அந்தப் பொத்தான்களைப் படித்துக்கொள்ளும் வரைக்கும்தான் அவனுடைய காலம். பிறகு நான் ஒன்று அடித்தேன். ஆண்களெல்லாம் இறைச்சியை மறந்துவிட்டு அறைக்குள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். நேரம் முடியப்போகிற கட்டத்தில் என் ஆள் இடது கரையால் பந்தைக் கொண்டுபோனான். பழைய நாளாக இருந்தால் மேல் கோட்டில் போய் முட்டிக்கொண்டு நின்றிருப்பான். இப்போது நான் திருப்பின இடத்தில் திரும்பினான். ஒருவனை வெட்டினான், இன்னொருவனையும் வெட்டினான். சிவப்புப் பொத்தானை அமத்தினேன். பந்து வலைக்குள் போய் விழுந்தது.

வாப்பா என்னைத் தூக்கிவிட்டார். வயதுக்கு வரப்போகிற பிள்ளை என்று உம்மா திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து சத்தம் போட்டதை யாரும் காதில் வாங்கவில்லை. காக்கா விசைப்பலகையைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்த்தான்.

"இது பழசு. ஒட்டுது" என்றான்.

அந்த ஒரு சொல்லுக்காக நான் எவ்வளவு காலம் காத்திருந்தேன். சில்லுக் கதிரையில் ஏறி உட்கார்ந்து, அவன் சுற்றினதைவிட ஒரு சுற்றுக் கூடவே சுற்றினேன்.

பகல் சாப்பாட்டுக்கு ஆண்கள் சேர்ந்து சாப்பிடுகிற பெரிய சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மச்சானின் வெள்ளைச் சேட்டின் முதுகு முழுக்கப் புழுதி. மாற்றச் சொல்லி ராத்தா கெஞ்சியும் அவர் மாற்றவில்லை. ராத்தா ஈரல் பொரியல் கோப்பையைக் கையில் எடுத்தபோது திரைச்சீலை விலகியது. உம்மா வெளியே வந்தார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, ராத்தாவின் கையிலிருந்து கோப்பையை வாங்கி, மச்சானுக்கு முன்னால் குனிந்து தானே வைத்தார்.

"மகன், ஈரல் தின்னுவீங்கதானே" என்றார். ராத்தாவிடம் அல்ல.

எல்லாருடைய கையும் ஒரு கணம் சோற்றில் நின்றது. மச்சான் நிமிர்ந்து பார்த்தார்.

"ஓம் மாமி. இன்னும் ரெண்டு துண்டு வையிங்க."

இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள். என் கோலைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்து நானும் ஜோய்ஸ்டிக்கைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினேன். ராத்தா வெறுங்கையோடு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். அன்றைக்கு மாலையில் மச்சான் குசினிக்குப் போய்த் தண்ணீர் எடுத்துக் குடித்தார். யாரும் குரல் கொடுக்கவில்லை.

எனக்கு மட்டும் ஒரு விசயம் நெஞ்சுக்குள் கிடந்து அரித்தது. ஜோய்ஸ்டிக்கைத் திருத்தினவருக்கே அது எதனால் கெட்டது என்று தெரியாதே. அடுத்த வெள்ளிக்கிழமை உம்மா எண்ணெய்ப் போத்தலோடு வலம் வந்தார். கொம்பியூட்டர் மேசைக்குக் கிட்ட வந்ததும் போத்தலை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு ஒரு பெரிய சுற்றாகச் சுற்றிப் போனார். பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த மச்சானின் பேப்பர் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தது. இனியும் சொல்லாமல் இருப்பது சரியில்லை என்று எனக்குப் பட்டது. உம்மா போனதும் அவருடைய காதோடு போய் முழுவதையும் சொன்னேன். உங்களுக்குத் தெரியாது மச்சான், அது கடை அழுக்கு இல்லை, எண்ணெய், நான் வாசத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன் என்றேன்.

மச்சான் கண்ணை அகல விரித்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பிடியா மச்சி? எனக்குத் தெரியாமப் போச்சே." பிறகு அங்குமிங்கும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "இத ஆருக்கும் சொல்லிராதீங்க. கொம்பியூட்டர் படிச்சவன் எண்டு சொல்லிப்போட்டு இதுகூடத் தெரியல்லயெண்டா எனக்குத்தான் வெக்கம்."

சொல்லமாட்டேன் என்று கையடித்துக் கொடுத்தேன். சொல்லவும் இல்லை. சாச்சி கேட்டபோது சொல்லவில்லை, வாப்பா கேட்டபோது சொல்லவில்லை, உம்மாவிடம்கூட மூச்சு விடவில்லை. புது வீட்டுக்கு வந்த மனிசன், ஒன்றும் தெரியாத அப்பாவி, அவருடைய மானம் என் ஒருத்தியின் வாயில்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, சில்லுக் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, அந்த வீட்டில் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.